வாட்டுக்கு மயங்காதீர்கள்: கச்சேரி, கல்யாண மேடை ஒலி அமைப்பு – கேள்வி பதில்

கே: 400 பேர் உட்காரும் கல்யாண மண்டபத்துக்கு செட் வாங்கப்போகிறோம். ஒரு கடையில் 2000 வாட், இன்னொரு கடையில் 1000 வாட். விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். எதை எடுப்பது?

ப: அட்டைப்பெட்டியில் பெரிதாக அச்சடித்திருப்பது பெரும்பாலும் பீக் வாட், அதாவது கண நேரம் மட்டும் தாங்கும் உச்ச அளவு. பி.எம்.பி.ஓ. என்று போட்டிருந்தால் படிக்கவே வேண்டாம். ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தாங்கும் வாட்) எவ்வளவு, சென்சிட்டிவிட்டி எவ்வளவு என்று இரண்டையும் கேளுங்கள். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தள்ளி அளந்தால் வரும் டெசிபல்தான் சென்சிட்டிவிட்டி. வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். அதனால் 98 டெசிபல் பாக்ஸ் 500 வாட்டில் கொடுக்கும் சத்தத்துக்கு, 92 டெசிபல் பாக்ஸ் 2000 வாட் தின்னும். ஸ்பீக்கருக்குள் இருக்கும் வாய்ஸ் காயில் என்ற கம்பிச்சுருளும் சீக்கிரம் சூடேறும்.

டைல்ஸ் தரை, கண்ணாடி ஜன்னல் உள்ள மண்டபத்தில் பேச்சு புரியவில்லை என்றால் வால்யூமை ஏற்றாதீர்கள்; எதிரொலியும் கூடவே ஏறும். ஸ்டாண்டை ஏழடிக்கு உயர்த்தி, பாக்ஸை நடுவரிசைத் தலைகளைப் பார்த்து லேசாகக் குனிய வையுங்கள். சுவரில் படுவது குறைந்தாலே பாதிக் குழப்பம் போய்விடும்.

கே: பாட்டுக் கச்சேரியில் மானிட்டரை (பாடகர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) ஏற்றினால் உடனே கூவுகிறது.

ப: மைக்கின் முதுகுப் பக்கம் எங்கே காது மந்தமோ அங்கே மானிட்டர் இருக்கவேண்டும். முன்பக்கத்தை மட்டும் நன்றாகக் கேட்கும் கார்டியாய்டு மைக்குக்கு அது நேர் பின்னால். அதைவிடக் குறுகலாகக் கேட்கும் சூப்பர் கார்டியாய்டுக்கு நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். பின்பக்கம் இடமும் வலமும் சாய்வாக வைத்தால்தான் அடங்கும். மைக்கை மாற்றிவிட்டு மானிட்டரைப் பழைய இடத்திலேயே விடுவது வழக்கமான தப்பு. பாடகர் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும் கூவும். பின்பக்கத் துளைகள் அடைபட்டு, மைக் எல்லாத் திசையிலும் கேட்க ஆரம்பித்துவிடும். பாடகர் மைக்கில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலியை வெட்டும் லோ கட் போடுங்கள். மிருதங்கத்துக்குப் போடாதீர்கள், தொப்பியின் (இடப்பக்கத்தின்) கனத்த நாதம் செத்துவிடும்.

நாகஸ்வரத்துக்கு அணசுக்கு (குழலின் விரிந்த அடிவாய்க்கு) நேராக மைக் வைப்பவர்கள் அதிகம். நாதம் விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. இரண்டு மூன்று அடி தள்ளி, குழலின் நடுப்பகுதியைப் பார்க்க வைத்துப் பாருங்கள். தவிலுக்கு சின்ன மண்டபத்தில் மைக்கே வேண்டாம்.

கே: ஒரு சேனலில் 8 ஓம் பாக்ஸ் நான்கு மாட்டலாமா?

ப: பேரலலாக மாட்டினால் 2 ஓம் ஆகிவிடும். ஆம்ப்ளிஃபயரின் முதுகில் 4 ஓம் என்று எழுதியிருந்தால் சேனலுக்கு இரண்டோடு நிறுத்துங்கள்.

கே: ஜெனரேட்டருக்கு மாறியதும் “ங்ங்ங்” என்று இரைச்சல். எர்த் பின்னை வெட்டினால் போய்விடும் என்கிறார்களே?

ப: இரைச்சல் போகலாம், பாடகரும் போகலாம். மைக் உதட்டில் படும் பொருள் என்பதை மறக்காதீர்கள். மிக்சர் மண்டப பிளக்கிலும் ஆம்ப்ளிஃபயர் ஜெனரேட்டரிலும் இருந்தால் இரண்டு எர்த்துக்கு நடுவே சிக்னல் ஒயர் பாலமாகி இரைச்சல் வரும். இரண்டுக்கும் ஒரே போர்டிலிருந்து மின்சாரம் எடுங்கள். சீரியல் லைட், டிம்மர் எல்லாம் வேறு ஃபேஸில் போகட்டும். பிறகும் இருந்தால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்கள். நின்றுவிட்டால் குற்றவாளி அதுதான். லேப்டாப்புக்கும் மிக்சருக்கும் நடுவே டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் (சிக்னலை மட்டும் கடத்தி எர்த்தைப் பிரிக்கும் பெட்டி) ஒன்று போதும்.

கே: திறந்தவெளியில் நடுவில் கூடுதல் பாக்ஸ் வைத்தோம். பின்வரிசைக்கு எல்லாச் சொல்லும் இரண்டிரண்டாகக் கேட்டது.

ப: நடு பாக்ஸின் ஒலியைத் தாமதப்படுத்தும் டிலே போடாமல் விட்டிருக்கிறீர்கள். ஒலி ஒரு மீட்டர் கடக்க சுமார் 2.9 மில்லி செகண்ட் ஆகும். மேடையிலிருந்து 20 மீட்டரில் பாக்ஸ் இருந்தால் டிலே 58 மில்லி செகண்ட். அதோடு 10 முதல் 15 வரை கூட்டிக்கொள்ளுங்கள். அப்போது மேடைச் சத்தம் முதலில் வந்து சேரும், ஒலி மேடையிலிருந்தே வருவதுபோல் காது நம்பிவிடும்.

கே: கோயில் திருவிழாவுக்கு இரவு முழுக்க ஓட்டலாமா?

ப: எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒலிபெருக்கியே வைக்கக்கூடாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்தவெளியில் கூடாது. பண்டிகைகளுக்கு மாநில அரசு நள்ளிரவு 12 வரை, வருடத்தில் 15 நாட்களுக்கு மிகாமல் தளர்த்தலாம். கூம்பு ஸ்பீக்கரைப் பறிமுதல் செய்துவிடுவார்கள். சின்ன பாக்ஸ்களைத் தெருவில் பிரித்து வைத்துக் குறைந்த வால்யூமில் ஓட்டுங்கள்.