ஒல்லியாக இருக்கும் மகள் செஃப் ஆக முடியுமா? ஓர் அம்மாவின் கேள்விக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ முடித்த உங்கள் மகள் செஃப் ஆகத்தான் போகிறேன் என்று உறுதியாக நிற்கிறாள். உங்கள் வீட்டில் மார்க்கோ பணமோ பிரச்சினை இல்லை. "இந்த ஒட்டடைக்குச்சி உடம்பை வச்சுக்கிட்டு ஹோட்டல் அடுப்படியில நிப்பாளா? செஃப்னா பார்த்தவுடனே தெரிய வேண்டாமா?" என்று அவளுடைய பெரியப்பா கேட்டதிலிருந்து உங்களுக்கும் மனம் குழம்பிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நேராகவே சொல்லிவிடுகிறேன். 42 கிலோ என்ற அவளுடைய எடையிலிருந்து அவளுடைய சமையலைப் பற்றி எனக்கு எதுவும் தெரியவில்லை. அதை வைத்து இந்தப் படிப்பை வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள்.

பெரியப்பாவைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல சமையல்காரர் என்றால் தொந்தி இருக்க வேண்டும் என்ற எண்ணம் உலகம் முழுக்க இருக்கிறது. பிரான்சில் வியென் என்ற ஊரில் 'லா பிரமிட்' உணவகத்தை நடத்திய ஃபெர்னாண்ட் புவான், சமையல்காரர் ஒல்லியாக இருந்தால் அங்கே சாப்பாடு நன்றாக இருக்காது என்று சொல்வாராம். அவர் நல்ல பருமனானவர். உணவகங்களைத் தரம் பிரிக்கும் பிரெஞ்சு வழிகாட்டியான மிஷலின் தரும் உச்சத் தரமான மூன்று நட்சத்திரத்தை 1933-லேயே வாங்கியவர் என்பதால் அவர் சொன்னது பரவிவிட்டது. ஆனால் 1955-ல் அவர் இறந்த பிறகு அவருடைய மனைவி மாடோ அந்த உணவகத்தை நடத்தினார். பல பத்தாண்டுகள் மூன்று நட்சத்திரமும் குறையவில்லை. புவான் பழக்கிவிட்டுப்போன கைகளும் முறையும் அங்கே இருந்தன, அது போதுமானதாக இருந்தது.

ஹோட்டல் சமையலறையைப் பிரிவு பிரிவாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பொறுப்பாளர் என்று ஒழுங்கு செய்தவர் எஸ்காஃபியே என்ற பிரெஞ்சு சமையல்காரர். உங்கள் மகள் முதல் வருடத்திலேயே அவர் பெயரைப் படிப்பாள். அவர் குள்ளமானவர். அடுப்பின் அனல் முகத்தில் அடிக்காமல் இருக்க, குதிகால் உயர்ந்த காலணி போட்டுக்கொண்டு வேலை பார்த்தார். இந்தக் காலத்து உதாரணம் வேண்டுமென்றால் இங்கிலாந்தின் செஃப் டாம் கெரிட்ஜ் இருக்கிறார். அவருடைய 'ஹேண்ட் அண்ட் ஃபிளவர்ஸ்' உணவகம் இரண்டு மிஷலின் நட்சத்திரம் வாங்கியபோது அவர் மிகப் பருமனாக இருந்தார். நாற்பது வயதையொட்டி உடம்பைக் குறைக்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் 70 கிலோவுக்கும் மேல் குறைத்தார். நட்சத்திரங்கள் இரண்டும் அப்படியே இருந்தன. ஒரே ஆள், ஒரே உணவகம், எடை மட்டும்தான் மாறியது. இதைவிடத் தெளிவாக எனக்கு விளக்கத் தெரியவில்லை.

நம்மிடமும் இதற்குக் கதை இருக்கிறது. நளபாகம், பீமபாகம் என்று சேர்த்தே சொல்கிறோம். பீமன் பெரிய ஆகிருதி. நளனோ கார்க்கோடகன் தீண்டி உருவம் குறுகிப்போய், வாகுகன் என்ற பெயரில் வேறொரு அரசனிடம் வேலை பார்த்தவன். பார்த்தவர் யாருக்கும் அவனை அடையாளம் தெரியவில்லை. அவன் சமைத்ததை வரவழைத்து ருசி பார்த்த தமயந்திதான் இது நளனுடைய கைப்பக்குவம் என்று கண்டுகொண்டாள். பெரியப்பாவிடம் இதையும் சொல்லுங்கள்.

சமையலறையில் ருசி பார்ப்பது என்பது ஒரு தேக்கரண்டி அளவு. வயிறு நிறையச் சாப்பிடுகிறவருக்கு அதில் எந்தக் கூடுதல் வசதியும் கிடையாது. ருசி என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. ஜலதோஷம் பிடித்தால் ரசம் சப்பென்று இருப்பது அதனால்தான். உங்கள் மகளிடம் நீங்கள் கவனிக்க வேண்டியது வேறு. குழம்பில் எது குறைகிறது என்று அவளால் சொல்ல முடிகிறதா? நேற்று வந்த அதே பதம் இன்றும் வருகிறதா? ஒரே நேரத்தில் மூன்று அடுப்பைப் பார்க்கும்போது பதறுகிறாளா? சமைத்து முடித்ததும் மேடையைத் துடைக்கிறாளா? வேலைக்கு எடுக்கும்போது ஹோட்டல்கள் 'ஃபுட் ட்ரையல்', அதாவது சமைத்துக் காட்டும் தேர்வு வைக்கும். செஃப்கள் அங்கே பார்ப்பதும் ஏறக்குறைய இவற்றைத்தான்.

உயரம், எடை கேட்பார்களே என்ற உங்கள் பயம், விமானப் பணிப்பெண் வேலையோடு இதைச் சேர்த்துப் பார்ப்பதால் வருகிறது. மத்திய அரசின் ஐஎச்எம் என்னும் ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரிகளில் சேர என்சிஎச்எம் ஜேஇஇ என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பிளஸ் டூவில் எந்தப் பிரிவானாலும் சரி, ஆங்கிலம் ஒரு பாடமாக இருந்தால் போதும். தேர்வில் கணக்கு, பகுத்தறிதல், பொது அறிவு, ஆங்கிலம், சேவைத் துறைக்கான மனப்பாங்கு ஆகியவற்றைப் பார்ப்பார்கள். வேலைக்குப் போன பிறகு, உணவைக் கையாளும் எல்லோருக்கும் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் விதிப்படி ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை உண்டு. தொற்று நோய், தோல், கண், டைபாய்டு தடுப்பூசி ஆகியவைதான் அதில் முக்கியம். கப்பல் வேலை மட்டும் கொஞ்சம் வேறு. கடல் பணிக்கான மருத்துவச் சான்றிதழுக்கு எடை, ரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். அது பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

உண்மையில் கவலைப்பட வேண்டியதை இப்போது சொல்கிறேன். இது நின்றுகொண்டே பார்க்கும் வேலை. பத்து, பன்னிரண்டு மணி நேரம் அனலில் நிற்க வேண்டும். முதுகும் பாதமும்தான் முதலில் வலிக்கும். பருமனானவருக்கும் வலிக்கும், மெலிந்தவருக்கும் வலிக்கும். உங்கள் மகள் இயல்பாகவே ஒல்லியா, அல்லது காலைச் சாப்பாட்டைத் தவிர்ப்பதால் இப்படி இருக்கிறாளா என்று பாருங்கள். ஒருமுறை ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துவிடுங்கள். ரத்தசோகை இருந்தால் அந்த வெப்பத்தில் மயக்கம் வரும், அதைச் சரிசெய்துவிட்டு அனுப்புங்கள். செஃப் மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் உடம்பு ஏற்றச் சொல்லாதீர்கள்.

அண்டாவைத் தூக்குவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். 20 லிட்டர் பானை நிரம்பினால் பாத்திரத்தோடு 20 கிலோவைத் தாண்டும். கொதிக்கக் கொதிக்க அதை ஒருவராகத் தூக்குவது பலசாலிக்கும் ஆபத்துதான். ஒழுங்கான சமையலறையில் இரண்டு பேர் பிடிப்பார்கள், தள்ளுவண்டி இருக்கும், கைப்பிடியைச் சுழற்றினால் சாய்ந்துகொடுக்கும் பெரிய பாத்திரங்களும் இருக்கும்.

இதைவிட எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. ஒல்லியான பெண் என்றதும், பயிற்சிக்குப் போன இடத்தில் அவளைக் கேட்காமலேயே பேக்கரியிலோ சாலட் பிரிவிலோ போட்டுவிடுகிறார்கள். அவை குறைந்த வேலைகள் அல்ல, பேக்கரி தனிக் கலை. ஆனால் தந்தூர், இந்தியன் கறி, கான்டினென்டல் என்று சூடான அடுப்புகளில் நிற்காமல் பயிற்சி முடிந்துவிட்டால், கமி என்னும் ஆரம்பப் பதவியிலிருந்து, தலைமை செஃபுக்கு அடுத்த சூ செஃப் வரை ஏறும் வழியில் அவளுக்குப் பின்னால் வந்தவர்கள் முந்திக்கொள்வார்கள். "எல்லாப் பிரிவிலும் என்னைச் சுற்றி வர விடுங்கள்" என்று முதல் வாரமே பொறுப்பாளரிடம் கேட்க அவளைப் பழக்குங்கள். வாயால் கேட்டால் போதாது, எழுதியும் கொடுக்கட்டும்.

கல்லூரி என்று பார்த்தால் சென்னை தரமணியில் மத்திய அரசின் ஐஎச்எம் இருக்கிறது, திருச்சி துவாக்குடியில் மாநில அரசின் கல்லூரி இருக்கிறது. சமையலை மட்டுமே ஆழமாகப் படிக்க விரும்பினால் திருப்பதியில் இந்தியன் குலினரி இன்ஸ்டிடியூட் உண்டு. மூன்று வருடப் பட்டப்படிப்புக்குப் போக மனமில்லை என்றால் ஒன்றரை வருட உணவுத் தயாரிப்புச் சான்றிதழ் படிப்புக்குப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியே போதும். தனியார் கல்லூரி என்றால் கட்டிடத்தைப் பார்த்து மயங்காமல், வாரத்தில் எத்தனை நாள் அடுப்பில் நிற்க வைப்பார்கள், தொழிற்பயிற்சிக்கு எந்த ஹோட்டலுக்கு அனுப்புவார்கள் என்று கேளுங்கள்.

விண்ணப்பம் போடுவதற்கு முன், தெரிந்த கல்யாண கேட்டரிங் மாஸ்டர் யாரிடமாவது சொல்லி அவளை ஒரு முகூர்த்த வேலைக்கு அனுப்புங்கள். முந்தின நாள் மாலை காய் நறுக்குவதில் தொடங்கி மறுநாள் மதியப் பந்தி முடியும் வரை கூடவே இருக்கட்டும். கெட்டியான, வழுக்காத காலணி போட்டுக்கொண்டு போகச் சொல்லுங்கள். திரும்பி வந்த பிறகும் இதே படிப்புதான் வேண்டும் என்று சொன்னால் விண்ணப்பத்தை நிரப்பிவிடலாம். அப்புறம் கல்லூரிகளின் பட்டியலோடு எனக்கு எழுதுங்கள், எதை முதலில் போடுவது என்று சேர்ந்து பார்ப்போம்.