கேள்வி–பதில்: நகைக் கடையில் காத்திருந்த 26 பேர்

கேள்வி: போன ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் இருந்து ‘தானா சேர்ந்த கூட்டம்’ பார்த்தோம். பார்த்து முடிய ஒரே வாக்குவாதம். உண்மைச் சம்பவத்தை வைத்து எடுத்த படம், அதில் பிழை பிடிக்கக்கூடாது என்கிறான் தம்பி. அத்தான் இதன் ஹிந்திப் படத்தையும் பார்த்தவர். தமிழில் எடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார். பேப்பரில் விளம்பரம் போட்டு ஆள் சேர்த்துக் களவெடுப்பது நம்பும்படியாக இல்லை என்பது என் கட்சி. மூவரில் யார் சரி?
ஒரு வாசகி, தருமபுரம்

பதில்: மூவரில் உங்களைத்தான் முதலில் மறிக்க வேண்டியிருக்கிறது. அந்தப் படத்தில் எது நிச்சயமாக நடந்ததோ அதைப் பார்த்துத்தான் நம்பும்படியாக இல்லை என்கிறீர்கள். காதலையும் பாட்டையும் கடைசிக்கட்டத் திருப்பங்களையும் ஒரு கேள்வியும் கேட்காமல் விட்டுவிட்டீர்கள். அவையெல்லாம் எழுதி உண்டாக்கியவை. விளம்பரம் உண்மையாகவே வந்தது.

1987 மார்ச் 17ஆம் திகதி பம்பாயில், டைம்ஸ் ஒஃப் இந்தியா பத்திரிகையில். புலனாய்வு அதிகாரி, பாதுகாப்பு அதிகாரி பதவிகளுக்குத் துடிப்பான பட்டதாரிகள் தேவை, தாஜ் ஹோட்டலுக்கு நேரில் வரவும் என்று. மோன் சிங் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட ஒருவர் அங்கே நேர்முகப் பரீட்சை நடத்தி 26 பேரைத் தெரிவு செய்தார். 19ஆம் திகதி அவர்களை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஓபரா ஹவுஸ் பகுதியில் இருந்த திரிபுவன்தாஸ் பீம்ஜி ஜவேரி நகைக் கடையில் போய் இறங்கினார். சி.பி.ஐ. சோதனை என்றார். தேடுதல் ஆணை என்று ஒரு கடதாசியையும் காட்டினார். எங்கே பார்த்தாலும் அதிகாரிகள் நிற்கிறார்கள், கடைக்காரர் என்ன செய்வார்? தங்கத்தின் தரம் பார்க்க மாதிரி எடுக்கிறோம் என்று நகைகளைப் பொலித்தீன் பைகளில் போட்டு, அரசாங்க முத்திரை ஒட்டி, பெட்டியில் அடுக்கினார் சிங். இன்னோர் இடத்திலும் சோதனை நடக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வருகிறேன், ஒருவரையும் வெளியே விடாதீர்கள் என்று தன் ஆட்களுக்குக் கட்டளையிட்டுவிட்டுப் போனவர்தான். 30 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட நகையோடு மறைந்த அந்த ஆளை இன்றுவரை பொலிசார் பிடிக்கவில்லை. துவக்கு வெடிக்கவில்லை, சுவர் உடைபடவில்லை.

சரி, அந்த 26 பேர்? நேரம் போகப் போகக் கடைக்காரருக்குச் சந்தேகம் வந்து பொலிசைக் கூப்பிட்டார். பொலிஸ் வந்து பார்த்தால் கடைக்குள் நிற்பவர்கள் அத்தனை பேரும், தங்களுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்துவிட்டது என்று நம்பிக்கொண்டு காவல் நிற்கிறார்கள். முதல் நாள் வேலை. மேலதிகாரி வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், படம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும்.

2013இல் நீரஜ் பாண்டே இந்தச் சம்பவத்தை ‘ஸ்பெஷல் 26’ ஆக்கினார். ஒற்றை ஆள் செய்ததை ஒரு கும்பல் செய்தது. துரத்த ஒரு சி.பி.ஐ. அதிகாரி வந்தார், நாயகனுக்கு ஒரு காதலியும் வந்தாள். 2018 தைப்பொங்கலுக்கு விக்னேஷ் சிவன் தமிழில் எடுத்தபோது நாயகனுக்கு நியாயமும் சேர்ந்தது. சி.பி.ஐ. வேலை கேட்டுப் போய் அவமானப்பட்ட பட்டதாரி. லஞ்சம் கொடுக்க வழியில்லாமல் உயிரை விட்ட நண்பன். ஊழலில் ஊறிய அதிகாரிகள். சூர்யா கோபப்படுகிறார், நாங்கள் விசிலடிக்கிறோம்.

உங்கள் அத்தான் சொல்வதில் பாதி சரி. ஹிந்திப் படம் தன்னைக் கெட்டித்தனமான களவுப் படம் என்பதற்கு மேல் எதுவும் சொல்லிக்கொள்ளவில்லை. கள்ளனுக்காக அழச் சொல்லி எங்களைக் கேட்கவுமில்லை. அதனால் அது இறுக்கமாக நிற்கிறது. தமிழ்ப் படம் வேலையில்லாத் திண்டாட்டத்தைத் தொட்டது. தொட்டது பிழையென்று நான் சொல்லமாட்டேன், 1987இன் சம்பவத்துக்கே அடியில் கிடப்பது அதுதான். ஆனால் அதைக் கொண்டுபோய் யார் தலையில் வைத்தார்கள் என்று பாருங்கள். உண்மையில் வேலையில்லாமல் இருந்தவர்கள் அந்த 26 பேர். அவர்களுடைய வேலைப் பசியைக் கணக்குப் போட்டுத்தான் மோன் சிங் விளம்பரமே கொடுத்தார். படத்தில் அந்தப் பசியைக் கழற்றி ஏமாற்றியவனுக்கே போட்டுவிட்டார்கள். ஏமாந்தவனின் துன்பம் ஏமாற்றியவனுக்கு நியாயமாகிவிட்டது. வேறு எந்தப் பிழையையும் நான் மன்னிப்பேன், இதை மன்னிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

இதை வன்னியில் இருந்துகொண்டு சொல்வதற்குக் காரணம் உண்டு. 2017இல் யாழ். மாவட்டச் செயலகத்துக்கு முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் குந்தியிருந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். பட்டச் சான்றிதழை பைலில் வைத்துக்கொண்டு கந்தோர் கந்தோராக ஏறி இறங்குகிற பிள்ளைகள் இங்கே எத்தனை வீட்டில் இருக்கிறார்கள். வெளிநாட்டுக்கு அனுப்புகிறேன், உத்தியோகம் எடுத்துத் தருகிறேன் என்று வருகிறவன் பிடிப்பது அந்தப் பிள்ளைகளைத்தான். அவன் நல்ல சேட் போட்டுக்கொண்டு, நல்ல தமிழ் பேசிக்கொண்டு, விண்ணப்பப் படிவமும் கையுமாகத்தான் வருவான். அவன் கையில் காசு போனபிறகு வீட்டில் நடப்பதை யாரும் படமாக எடுப்பதில்லை.

இனி உங்கள் தம்பி. உண்மைச் சம்பவம் என்று ஒரு வரி போட்டால் பிழை பிடிக்கக்கூடாது என்ற சட்டத்தை யார் போட்டது? அந்த வரி டிக்கெட் விற்பதற்கு. உண்மையை அப்படியே எடுத்தால் தம்பியே எழும்பிப் போய்விடுவான். 2016 ஓகஸ்ட்டில் சேலத்திலிருந்து சென்னை எழும்பூருக்குப் போன இரவு ரயிலில், ரிசர்வ் வங்கிக்கு அனுப்பிய பழைய நோட்டுகள் 342 கோடி ரூபாய்க்கு இருந்தன. கூரையில் ஓட்டை போட்டு 5.78 கோடியை எடுத்துக்கொண்டு போனார்கள். ஓடுகிற ரயிலின் கூரையில் ஓட்டை! இதைவிட நல்ல இடைவேளைக் காட்சி எங்கே கிடைக்கும்? ஆனால் மூன்று மாதத்தில், நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று மோடி அரசு அறிவித்துவிட்டது. களவெடுத்ததில் அந்தத் தாள்களாக இருந்தவை வெறும் கடதாசி. 2018இல் மத்தியப் பிரதேசத்துக் கும்பல் ஒன்றைப் பொலிஸ் பிடித்தது. இதை ஒருவன் சொந்தமாகக் கற்பனை பண்ணி எழுதியிருந்தால் கிளைமாக்ஸ் சொதப்பல் என்றுதான் எல்லோரும் சொல்லியிருப்பீர்கள்.

அவ்வளவு தூரம் போவானேன். முல்லைத்தீவில், புதுக்குடியிருப்புப் பக்கத்தில், புலிகள் தங்கம் புதைத்தார்கள் என்று யாரோ சொல்ல, நீதிமன்ற அனுமதி எடுத்துக் கிண்டுவது இப்போது வழக்கமான செய்தி. பொலிஸ் நிற்கும், கிராம அலுவலர் நிற்பார், ஊர்ச்சனம் வேலிக்கு வெளியே நிற்கும், பெக்கோ கிண்டும். ஒன்றும் வராமல் கிடங்கை மூடிவிட்டுப் போவார்கள். கொஞ்ச நாளில் வேறொரு காணி. இதைப் படமாக்கினால் கடைசியில் தங்கம் வந்தே ஆக வேண்டும், வராவிட்டால் தயாரிப்பாளர் ஒத்துக்கொள்ளமாட்டார். எழுதிச் சேர்ப்பது குற்றமில்லை. எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள் என்று கேட்கும் உரிமை பார்ப்பவனுக்கு உண்டு. தம்பி அந்த உரிமையைச் சும்மா விட்டுக்கொடுக்கிறான்.

களவுப் படங்களில் இன்னொரு வசதி இருக்கிறது. பணத்துக்குச் சொந்தக்காரன் முகமே இருக்காது. வங்கி, பெரிய கடை, காப்புறுதி இருக்கிறது, போனால் போகட்டும். வங்கிப் பெட்டகத்தில் கிடப்பது யாருடையது என்று எங்கள் சனத்துக்குத் தெரியும். விதைப்புக்கும் பிள்ளையின் படிப்புக்கும் அடைவு வைத்த சங்கிலி, தாலிக்கொடி. சிறு பொட்டலம், அதன்மேல் ஒரு இலக்கம். அடையாள அட்டையோடு அடைவுச் சீட்டையும் சொப்பிங் பையில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு இடம்பெயர்ந்த பெண்கள் இந்தப் பக்கத்தை வாசிக்கிறார்கள். பெட்டகம் உடைபடும் காட்சியில் அவர்களும் கைதட்டுவார்களா என்று எனக்குத் தெரியவேண்டும்.

படத்தைப் பற்றி மொத்தமாகச் சொல் என்றால், ரம்யா கிருஷ்ணன் அதிகாரியாக வந்து மிரட்டுகிற இடங்களுக்காக ஒருமுறை பார்க்கலாம். அனிருத்தின் பாட்டுகளுக்கு ஆடலாம். நடுவில் தேத்தண்ணி போடப் போனால் கதை தவறாது.

கடைசியாக, உங்கள் கட்சிக்கே திரும்புகிறேன். தம்பி பட்டதாரியா என்று நீங்கள் எழுதவில்லை. பட்டதாரி என்றால், ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். புலனாய்வு அதிகாரி வேலை, கொழும்பில் நல்ல ஹோட்டலில் நேர்முகம், தெரிவானால் உடனே வேலை என்று பேப்பரில் வந்திருக்கிறது என்று காலையில் அவனிடம் சொல்லுங்கள். யார் நடத்துகிறார்கள் என்று முதலில் கேட்கிறானா, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிறானா பாருங்கள்.