பாலிசி போட்டும் எல்லா ஆர்டரும் தெரியுதா? யூசரைப் பாருங்க

போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல ஆர்டர் டேபிளுக்கு ரோ லெவல் செக்யூரிட்டி (யாருக்கு எந்த வரி தெரியணும்னு பாலிசி போட்டுக் கட்டுப்படுத்துறது) போட்டும் ஏஐ ஏஜென்ட் மத்த கஸ்டமரோட ஆர்டரையும் எடுத்துக் காட்டுதுன்னு கேட்டிருக்கீங்க. அது எந்த யூசர்ல கனெக்ட் ஆகுது? டேபிளை உருவாக்கின அதே யூசர்னா போஸ்ட்கிரெஸ் பாலிசியைக் கண்டுக்காது. ஓனருக்கும் சூப்பர்யூசருக்கும் விலக்கு உண்டு. நானும் இதுல ஒரு ராத்திரி முழுக்கத் தொலைச்சவன்.

ஏஜென்டுக்குத் தனி ரோல் (டேட்டாபேஸ் யூசர்) போட்டு, வேண்டிய டேபிளுக்கு மட்டும் செலக்ட் கிராண்ட், அதாவது படிக்கிற அனுமதி, கொடுங்க. வியூ (டேபிள் மாதிரி பயன்படுத்துற, சேமிச்சு வெச்ச குவெரி) வழியா கொடுத்தா, போஸ்ட்கிரெஸ் 15-ஆம் பதிப்புல வந்த செக்யூரிட்டி இன்வோக்கரை ஆன் பண்ணுங்க; அப்போ குவெரி கேட்கிற யூசரோட உரிமையில ஓடும். இல்லேன்னா வியூவோட ஓனர் உரிமையில ஓடி மறுபடியும் அதே கதைதான்.

இன்னொண்ணு, பாலிசி பார்க்குற கஸ்டமர் ஐடியை செஷன் செட்டிங்ல (அந்தக் கனெக்‌ஷனுக்கான செட்டிங்) வெச்சிருந்தா, எஸ்க்யூஎல்லை இஷ்டத்துக்கு எழுதுற ஏஜென்ட் ஒரு செட் கமாண்ட்ல அதையே மாத்திடும். குவெரியை நீங்களே எழுதி, ஆர்டர் எண், தேதி மட்டும் ஏஜென்ட் டூல் வழியா அனுப்ப விடுங்க. ப்ராம்ப்ட்ல ‘டெலிட் பண்ணாதே’ன்னு எழுதினதை நம்பி மட்டும் தூங்கப் போயிடாதீங்க.