ஸ்கிரபிள் பெட்டி, சொற்பட்டியல் புத்தகம்: வாங்கியவர்கள் கேட்கிறார்கள்

மகன் பாடசாலை ஸ்கிரபிள் குழுவில் சேர்ந்திருக்கிறான். 2,800 ரூபாவுக்கு ஒரு தடித்த ஆங்கிலச் சொற்புத்தகம் வாங்கிக் கொடுத்தேன். ஏ முதல் இசட் வரை, தமிழ்க் கருத்தோடு இருக்கிறது. பழக்கும் சேர் இது விளையாட்டுக்கு உதவாது என்கிறார். காசு வீணா?
— தாய், உவர்மலை

வீணில்லை அம்மா, ஆங்கிலப் பாடத்துக்கு உதவும். ஆனால் சேர் சொன்னது சரி.

ஸ்கிரபிள் என்பது எழுத்துக் கட்டைகளைப் பலகைக் கட்டங்களில் வைத்துச் சொல் கட்டும் ஆட்டம். அதில் பிள்ளையின் கையில் இருப்பது ஏழு எழுத்து. "பீ-யில் என்ன சொல் தொடங்கும்" என்று அவன் யோசிப்பதில்லை. இந்த இரண்டு கட்டத்துக்குள் எது போகும், யூ கிடைக்காமல் கியூ மட்டும் வந்துவிட்டால் என்ன செய்வது என்றுதான் யோசிப்பான். அகரவரிசைப் புத்தகத்தில் அதற்குப் பதில் தேடி எடுக்கவே முடியாது. நீளத்தாலும் எழுத்தாலும் பிரித்த புத்தகம்தான் வேண்டும்.

கடையில் நின்றே பார்க்கலாம். இரண்டெழுத்துச் சொற்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கிறதா? போட்டியில் எந்தச் சொல் செல்லும் என்று சொல்லும் கொலின்ஸ் பட்டியலின் 2019 பதிப்பில் அவை 127தான். பிள்ளை முதலில் மனப்பாடம் செய்ய வேண்டியது அந்த ஒரு பக்கத்தை. அடுத்து மூன்றெழுத்து. அப்புறம் கியூ, இசட் (10 புள்ளி), ஜே, எக்ஸ் (8 புள்ளி) தனித்தனியாக. யூ இல்லாத கியூச் சொற்களுக்கு ஒரு பகுதி இருக்க வேண்டும். நிகாப், பக்கீர் என்று நமக்குப் பழகிய சொற்களே அதில் வரும். கடைசியாக, ஒரே ஏழு எழுத்தில் பிறக்கும் சொற்களை ஒன்றாக அடுக்கியிருக்க வேண்டும். ஏ, ஈ, ஐ, என், ஆர், எஸ், ரீ கையில் இருந்தால் ரீட்டெயின்ஸ், ரெட்டினாஸ், நாஸ்டியர் மூன்றும் வரும். ஏழையும் ஒரே முறையில் வைத்தால் மேலதிகமாக 50 புள்ளி. ஒரு ஆட்டமே அதில் திரும்பும்.

இதையெல்லாம் விட்டுவிட்டு அட்டையில் "50,000 சொற்கள்" என்று பெரிதாகப் போட்டு விற்கிறார்கள். எந்த அகராதியிலிருந்து எடுத்தது என்று ஒரு வரிகூட இல்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஒரு பட்டியல். நம் நாடு உட்படப் பெரும்பாலான மற்ற நாடுகளின் போட்டிகளில் கொலின்ஸ். அமெரிக்கப் பட்டியலின் 2018 பதிப்பில் இரண்டெழுத்துச் சொற்கள் 107 மட்டுமே. அதைப் படித்துக்கொண்டு இங்கே போட்டிக்குப் போகும் பிள்ளை இருபது சொல் குறைவாக மேசையில் உட்காருகிறது. பெற்றோர் வயிற்றைக் கட்டிச் சேர்த்த காசில் வாங்கும் புத்தகம் இது. பதிப்பகத்தார் அந்த ஒரு வரியையாவது அச்சிட வேண்டும்.

பிளாஸ்டிக் எழுத்துக் கட்டை நல்லதா, மரமா?
— டொக்யார்ட் வீதி

எழுத்து பதித்திருந்தால் இரண்டும் நல்லது, ஒட்டியிருந்தால் இரண்டும் வேண்டாம். கொழும்பு நடைபாதையில் நான் வாங்கிய மரப்பெட்டியில் எழுத்தெல்லாம் ஸ்டிக்கர். நம் கடற்காற்றுக்கு ஒரு மாரி தாங்கவில்லை. நகத்தால் ஓரத்தைச் சுரண்டிப் பாருங்கள், கிளம்பினால் பெட்டியை வைத்துவிட்டு வாருங்கள்.

பிள்ளைகளுக்குப் புதுப்பெட்டி ஒன்று வாங்கினேன். வீட்டில் எண்ணினால் 94 கட்டைதான். எஸ் இரண்டு, வெற்றுக் கட்டை ஒன்றுமே இல்லை. கடைக்காரர் "பிள்ளைகள் தொலைத்திருப்பார்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.
— கிண்ணியா

உங்கள் பக்கம் ஒரு பிழையும் இல்லை. மூடிய பெட்டியை யாரும் கடையில் நின்று எண்ணுவதில்லை. ஆங்கிலப் பெட்டியில் இருக்க வேண்டியது 100: எழுத்து 98, வெற்று 2. ஈ மட்டும் 12, எஸ் 4. எது எத்தனை குறைகிறது என்று எழுதி, கட்டைகளைப் பரப்பிப் படம் எடுத்துக்கொண்டு பற்றுச்சீட்டோடு மறுபடி போங்கள். சீட்டுத் தரவில்லையென்றால் கேளுங்கள். கேட்டால் கொடுக்க வேண்டியது வியாபாரியின் சட்டக் கடமை. அதற்கும் மசியாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு எடுங்கள். முறைப்பாட்டை எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். தள்ளிப்போடாதீர்கள். பிள்ளைகள் மேல் பழி போட்ட அந்தப் பேச்சையும் முறைப்பாட்டில் எழுதுங்கள்.

இலவசம் என்று போனில் ஒரு சொல் தேடும் செயலி போட்டேன். வாராவாரம் வங்கிக் காட்டில் காசு போகிறது. செயலியை அழித்தும் நிற்கவில்லை.
— சாம்பல்தீவு

அழித்தால் நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, சந்தாக்கள் பகுதிக்குப் போய் இரத்துச் செய்யுங்கள். இன்றே. காட் விவரம் கேட்கும் பக்கத்தில் தொகையும் தேதியும் எழுதியிருக்கும். அதை வாசிக்க அரை நிமிடம் போதும். இலவசமான ஒன்று எதற்கு உங்கள் காட் இலக்கத்தைக் கேட்கிறது என்று ஒருதரமாவது யோசித்திருக்க வேண்டும்.

இணையத்தில் ஐந்தெழுத்துச் சொல்லை ஊகிக்கும் வேர்டில் விளையாட்டுக்கு ஐந்தெழுத்துச் சொற்புத்தகம் 900 ரூபாவுக்கு விற்கிறார்கள். வாங்கலாமா?
— நிலாவெளி

வேண்டாம்.

பழைய புத்தகக் கடையில் 2011ஆம் ஆண்டுக் கொலின்ஸ் ஸ்கிரபிள் பட்டியல் 400 ரூபா. அதில் ஓ-கே என்ற சொல் இல்லை. அச்சுப் பிழையா?
— தம்பலகாமம்

பிழையில்லை. ஓ-கே கொலின்ஸ் பட்டியலுக்குள் வந்தது 2019இல். வீட்டில் விளையாட 400 ரூபா நல்ல விலை, வாங்குங்கள். போட்டிக்குப் போகிறவர் புதுப் பதிப்பைத்தான் எடுக்க வேண்டும்.

ரியூசனில் எல்லாப் பிள்ளைகளும் 1,500 ரூபாவுக்கு ஒரு சொற்பட்டியல் வாங்க வேண்டும் என்கிறார்கள். பார்த்தால் 12 பக்கப் போட்டோக்கொப்பி. ஓரத்தில் எழுத்தும் வெட்டுப்பட்டிருக்கிறது. மகள் பயந்து அழுகிறாள்.
— தந்தை, மூதூர்

மனம் நோகிறது ஐயா. பக்கத்துக்குப் பத்து ரூபா வைத்தாலும் அது 120 ரூபாச் சாமான். ஓரம் வெட்டுப்பட்ட பட்டியலில் ஒரு சொல்லின் கடைசி எஸ் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. பிள்ளை பிழையாகப் பாடமாக்கும். தனியாகப் போகாதீர்கள், மகளையும் கூட்டிப் போக வேண்டாம். அதே வகுப்புப் பெற்றோர் நாலைந்து பேராகப் போய், எந்த அகராதி, எந்தப் பதிப்பு என்று கேளுங்கள். காசு கொடுத்தவர்கள் பெயரோடு பற்றுச்சீட்டுக் கேட்கட்டும். இரண்டெழுத்துப் பட்டியல் இணையத்தில் சும்மாவே கிடைக்கிறது. ஒரு வீட்டில் இறக்கி ஒரே ஒரு தாளில் அச்சிட்டு எல்லோரும் பிரதி எடுத்துக்கொள்ளலாம். அந்த வகுப்பு அதற்கும் மறுத்தால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.