540 எங்கே போனது? – வாசகர் கேள்வி பதில்

வீட்டிலிருந்தபடியே பிறருக்குக் கணக்கு எழுதி, மெயில் பார்த்து, காலண்டர் கவனித்துக் கொடுக்கும் சிறு தொழில்காரர்கள் அனுப்பிய கேள்விகளில் சில இந்த இதழில்.

கேள்வி: வங்கி ஸ்டேட்மெண்டுக்கும் நான் எழுதிய கணக்குக்கும் 540 இடிக்கிறது. மூன்று நாளாகத் தேடுகிறேன். தொகை சின்னதுதானே, ‘இதரச் செலவு’ என்று எழுதி மூடிவிடலாமா?

மூடாதீர்கள். 540 சின்னத் தொகைதான். ஆனால் அது ஒரே தவறால் வந்தது என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஒரு பக்கம் 5,000 கூடி, இன்னொரு பக்கம் 4,460 குறைந்திருந்தாலும் மிச்சம் நிற்பது அதே 540தான்.

தேடுவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் தொடக்க இருப்பு. போன மாதம் ஒத்துப்போன முடிவு இருப்பும் இந்த மாதத் தொடக்க இருப்பும் ஒன்றுதானா என்று பாருங்கள். இல்லையென்றால், ஒத்துப்பார்த்து முடித்த பழைய பதிவு ஒன்றை யாரோ திருத்தியிருக்கிறார்கள் அல்லது அழித்திருக்கிறார்கள். அப்படியானால் இந்த மாதப் பதிவுகளை எத்தனை முறை புரட்டினாலும் விடை கிடைக்காது. மென்பொருளில், யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று காட்டும் ஆடிட் டிரெயில் பகுதிக்குப் போய், போன மாதத் தேதியுள்ள பதிவுகளில் அண்மையில் மாற்றப்பட்டவை எவை என்று பாருங்கள்.

தொடக்க இருப்பு சரி என்றால், இந்த மாதத்தில் 540 என்ற தொகையையே தேடுங்கள். ஸ்டேட்மெண்டில் இருந்து கணக்கில் விட்டுப்போயிருக்கலாம், அல்லது கணக்கில் இரண்டு முறை ஏறியிருக்கலாம். கிடைக்காவிட்டால் அதில் பாதியை, அதாவது 270ஐத் தேடுங்கள். வந்த பணம் 270ஐப் போன பணமாக எழுதிவிட்டால் வித்தியாசம் இரட்டிப்பாகி 540 ஆகும்.

அதுவும் இல்லையா? 9ஆல் வகுத்துப் பாருங்கள். 540ஐ 9ஆல் வகுத்தால் 60, மீதி இல்லை. பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால் வரும் வித்தியாசம் எப்போதும் 9ஆல் வகுபடும். 82ஐ 28 என்று எழுதினால் 54 இடிக்கும். அது 8க்கும் 2க்கும் உள்ள வித்தியாசமான 6ஐ 9ஆல் பெருக்கினால் வருவது. உங்களுக்கு வந்த 60 அதைவிடத் தெளிவாகவே பேசுகிறது: இடம் மாறிய இலக்கங்களுக்குள் வித்தியாசம் 6, மாறிய இடம் நூறும் பத்தும். ஆகவே நூறாம், பத்தாம் இடங்களில் 8, 2 அல்லது 7, 1 அல்லது 9, 3 அல்லது 6, 0 இருக்கும் தொகைகளை மட்டும் பார்த்தால் போதும். 1,820 என்பது 1,280 ஆகியிருக்கும். ஒரு சுழி விட்டுப்போனாலும் இதே கதைதான்: 600ஐ 60 என்று எழுதினால் இடிப்பது 540.

செக் கொடுத்தும் எதிராளி இன்னும் வங்கியில் போடவில்லை, நீங்கள் போட்ட பணம் மறுநாள்தான் வரவானது – இவை தவறுகள் அல்ல. அடுத்த ஸ்டேட்மெண்டில் தாமாகவே தீர்ந்துவிடும். ஒரே செக் மாதக்கணக்கில் தீராமல் பட்டியலில் நின்றால் மட்டும் விசாரியுங்கள்; தொலைந்திருக்கலாம், காலாவதியாகியிருக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு கிடைக்கவில்லை என்றால் அனாமத்துக் கணக்கில் (காரணம் தெரியும்வரை தொகையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் கணக்கு) போட்டு, தேதியும் இதுவரை எதையெல்லாம் பார்த்தோம் என்பதையும் குறிப்பில் எழுதி வையுங்கள். அனாமத்தில் இருப்பது ஒவ்வொரு மாதமும் கண்ணை உறுத்தும். இதரச் செலவில் போட்டது யார் கண்ணிலும் படாது, அதுதான் வம்பு.

கேள்வி: வாடிக்கையாளர் ஆன்லைனில் விற்கிறார். 10,000க்கு விற்றால் வங்கியில் 9,710தான் வருகிறது. வந்ததைத்தானே விற்பனையாக எழுத வேண்டும்?

விற்பனை 10,000. பணம் வாங்கித் தரும் நிறுவனம் பிடித்துக்கொண்ட 290 செலவு. 9,710ஐ விற்பனை என்று எழுதினால் விற்பனையும் செலவும் இரண்டுமே குறைந்து நிற்கும். லாபம் மாறாததால் தவறு கண்ணுக்குத் தெரியாது. வருஷக் கடைசியில் அந்த நிறுவனம் தரும் அறிக்கையில் மொத்த விற்பனை வேறாக இருக்கும்போதுதான் குட்டு உடையும்.

வழி இது: அந்த நிறுவனத்தின் பெயரில், வங்கிக் கணக்கு மாதிரியே இன்னொரு கணக்கு திறங்கள். விற்ற அன்று 10,000 அதற்குள் வரவு. கட்டணம் 290 அதிலிருந்து செலவு. வங்கிக்கு வந்த 9,710 அதிலிருந்து மாற்றல். மாதக் கடைசியில் அந்தக் கணக்கின் இருப்பும், அவர்கள் இன்னும் நமக்கு அனுப்பாமல் வைத்திருக்கும் தொகையும் ஒன்றாக இருக்க வேண்டும். இருந்தால் நிம்மதி. பெரும்பாலும் இடிப்பது திருப்பிக் கொடுத்த பணத்தில்தான்: வாங்கியவருக்கு முழு 10,000 திரும்பிப் போயிருக்கும், முதலில் பிடித்த கட்டணம் பல இடங்களில் நமக்குத் திரும்பாது. அதைத் தனியாகச் செலவில் விட வேண்டும்.

கேள்வி: இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்று மொத்தத்தையும் வரவு மொத்தத்தையும் ஒப்பிடும் பட்டியல்) அச்சாக ஒத்துப்போகிறது. ஆனாலும் ஆடிட்டர் திருப்பி அனுப்புகிறார். ஏன்?

ஒத்துப்போவது வேறு, சரியாக இருப்பது வேறு. 1494இல் வெனிஸில் லூக்கா பாசியோலி அச்சில் விளக்கிய இரட்டைப்பதிவு முறையைத்தான் இன்றும் எழுதுகிறோம்; ஒவ்வொன்றையும் பற்றிலும் வரவிலும் சமமாக எழுது என்பது அதன் சாரம். தவறான இடத்தில் எழுதினாலும் சமமாக எழுதிவிட்டால் அது வாய் திறக்காது. 60,000க்கு வாங்கிய கம்ப்யூட்டரைப் பழுதுபார்ப்புச் செலவில் போட்டாலும் இருப்பாய்வு ஒத்துப்போகும். பில்லையே எழுதாமல் விட்டாலும் ஒத்துப்போகும்.

இப்போது அதிகம் நடப்பது இரட்டைச் செலவு. மெயிலில் வந்த பில்லைக் கொடுக்க வேண்டியதாக ஏற்றுகிறோம். பத்து நாள் கழித்துப் பணம் கட்டியது வங்கி ஃபீடில், அதாவது வங்கியிலிருந்து மென்பொருளுக்குத் தானாக வரும் பட்டியலில், வந்து நிற்கும். அவசரத்தில் அதைப் பில்லோடு சேர்க்காமல், நேராக ஒரு செலவுத் தலைப்பைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுத்துவிடுகிறோம். ஒரே செலவு இரண்டு முறை ஏறிவிட்டது, பில்லோ கொடுபடாததாகவே நிற்கிறது. இதைப் பிடிக்கச் சுலபமான வழி, கொடுக்க வேண்டியவர்கள் பட்டியலை வயதுவாரியாக, அதாவது ஒவ்வொரு பில்லும் எத்தனை நாளாக நிற்கிறது என்று பிரித்து, எடுத்துப் பார்ப்பது. 90 நாளுக்கு மேல் ஒரு பில் நிற்கிறது, அந்த சப்ளையர் சத்தமில்லாமல் சரக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார் என்றால், பெரும்பாலும் அவருக்குப் பணம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

கேள்வி: முதலாளி வியாபாரக் கணக்கிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுக்கிறார். எந்தச் செலவில் எழுதுவது?

எந்தச் செலவிலும் எழுதக் கூடாது. தனி முதலாளி என்றால் அது எடுப்பு (முதலாளி சொந்தத்துக்கு எடுத்த பணம்); அவர் போட்ட மூலதனத்தில் கழியும். கம்பெனி என்றால் இயக்குநரின் பேரில் நிற்கும் கடனா, சம்பளமா, லாபப் பங்கா என்பதை ஆடிட்டரிடம் கேட்டு எழுதுங்கள், நீங்களாகத் தீர்மானிக்க வேண்டாம். கடன் தவணையிலும் இதே குழப்பம் உண்டு: வட்டி மட்டுமே செலவு; அசலாகக் கட்டும் பகுதி கடன் பாக்கியைக் குறைக்கும்.

கேள்வி: வங்கியிலிருந்து இறக்கிய சிஎஸ்வி ஃபைலை (காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்து ஃபைல்) எக்ஸெலில் திறந்தால் தேதிகள் பாதி இடப்பக்கம், பாதி வலப்பக்கம் நிற்கின்றன. இதனால் பாதகம் உண்டா?

உண்டு. வலப்பக்கம் நிற்பவைதான் ஆபத்து.

ஃபைலில் நாள்/மாதம்/வருஷம் என்ற வரிசை. உங்கள் கம்ப்யூட்டரோ மாதம்/நாள்/வருஷம் என்று படிக்கிறது. 25/04/2024ஐப் பார்த்து, 25ஆம் மாதம் கிடையாதே என்று வெறும் எழுத்தாக விட்டுவிடும்; எழுத்து இடப்பக்கம் நிற்கும். 03/04/2024 என்ற ஏப்ரல் 3ஐ ஒரு வார்த்தை கேட்காமல் மார்ச் 4 ஆக்கி, தேதி என்ற மரியாதையோடு வலப்பக்கம் நிறுத்திவிடும். 12ஆம் தேதி வரையுள்ள பதிவுகள் வேறு மாதங்களுக்குச் சிதறிப்போகும். நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்தால் மட்டும் தப்பிக்கும்.

அதனால் சிஎஸ்வியை இரட்டைக் கிளிக்கில் திறக்காதீர்கள். எக்ஸெலை முதலில் திறந்து, டேட்டா பகுதியில் ஃபைலை இறக்குமதி செய்து, தேதி நிரலுக்கு (மேலிருந்து கீழாகத் தேதிகள் நிற்கும் வரிசைக்கு) நாள்-மாதம்-வருஷம் என்று நீங்களே சொல்லுங்கள். கணக்கு எண்களும் செக் எண்களும் உள்ள நிரலை டெக்ஸ்ட் ஆக்குங்கள்; இல்லையென்றால் முன்னால் நிற்கும் சுழிகள் உதிர்ந்துவிடும். எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கம் வரைதான் ஞாபகம் வைக்கும். 16 இலக்க எண்ணைக் கொடுத்தால் கடைசி இலக்கம் சுழியாகிவிடும், பிறகு மீட்க முடியாது. தமிழ்ப் பெயர்கள் புரியாத குறிகளாகத் தெரிந்தால் அதே திரையில் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக்குறி முறையைத் தேர்ந்தெடுங்கள். இறக்கிய மூல ஃபைலை மட்டும் தொடாமல் தனியே வையுங்கள்.

கேள்வி: வாடிக்கையாளர்கள் பாஸ்வேர்டை வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடுகிறார்கள். ஓடிபியும் கேட்டவுடன் தருகிறார்கள். வேலை சீக்கிரம் முடிகிறது. இதில் தப்பென்ன?

ஓடிபி கேட்டால் கொடுப்பது என்ற பழக்கத்தை அவருக்குக் கற்றுத்தருவது நீங்கள்தான். நாளைக்கு உங்கள் பெயரைச் சொல்லி இன்னொருவர் கேட்டாலும் கொடுப்பார். பணம் காணாமல் போனால் முதல் சந்தேகம் யார் மேல் விழும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

பாஸ்வேர்டே இல்லாமல் நடக்கும் வேலைதான் அதிகம். ஜிமெயிலில் ஒரு கணக்கை இன்னொருவர் பொறுப்பில் விடும் வசதி உண்டு. நீங்கள் உங்கள் கணக்கிலிருந்தே அவருடைய மெயிலைப் படிக்கலாம், பதில் போடலாம், பாஸ்வேர்டை மாற்ற முடியாது. காலண்டரைப் பகிரலாம். கணக்கு மென்பொருளில் உங்களைத் தனிப் பயனராகச் சேர்க்கச் சொல்லுங்கள். யார் எதைத் திருத்தினார்கள் என்பது அப்போதுதான் பதிவாகும். பாஸ்வேர்டு தந்தே ஆக வேண்டிய இடத்தில் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் பாஸ்வேர்டு மேனேஜர் செயலி வழியாகப் பகிரட்டும். வேலை முடிந்த அன்று எதையெல்லாம் திரும்ப எடுக்க வேண்டும் என்ற பட்டியலை வேலை தொடங்கும் அன்றே எழுதி அவரிடம் கொடுங்கள்.

வங்கியில் பார்க்கும் உரிமை போதும். பணம் அனுப்ப வேண்டும் என்றால் நீங்கள் தயார் செய்யுங்கள், ஒப்புதல் அவர் கையில் இருக்கட்டும்.

இதோடு ஒட்டிய இன்னொன்று. ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனி புதிய எண்ணுக்கு அனுப்புங்கள்’ என்று சப்ளையரிடமிருந்து மெயில் வரும். முகவரியை உற்றுப் பாருங்கள். ஆங்கில எம் எழுத்துக்குப் பதில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதினால் சின்ன எழுத்தில் வித்தியாசமே தெரியாது. முகவரி சரியாக இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், சப்ளையரின் மெயிலுக்குள்ளேயே ஆள் புகுந்திருக்கலாம். அந்த மெயிலில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, உங்களிடம் பழைய பில்லில் உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேட்டபிறகே மாற்ற வேண்டும். அவசரம், இன்றே அனுப்புங்கள் என்று எழுதியிருந்தால் இன்னும் நிதானமாகச் செய்யுங்கள்.

கேள்வி: ரசீதுகளை ஒரு கவரில் போட்டு வருஷக் கடைசியில் தருகிறார்கள். பாதி வெள்ளைத்தாளாக இருக்கிறது!

அது வெப்பத்தால் அச்சாகும் தாள். மை கிடையாது, சூடும் வெளிச்சமும் பட்டால் எழுத்து மங்கும், சில வகை பிளாஸ்டிக் உறையில் வைத்தால் இன்னும் சீக்கிரம். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஃபைல் பெயரை 2024-04-03 என்று வருஷத்தில் தொடங்கி, கடை, தொகை என்று வையுங்கள். பெயர்வாரியாக அடுக்கினாலே தேதிவாரியாக வந்துவிடும். கார்டு தேய்த்ததற்கு வரும் துண்டுச்சீட்டு மட்டும் போதாது. எவ்வளவு என்று அது சொல்லும், எதற்கு என்று சொல்லாது.

கேள்வி: ‘அஞ்சு நிமிஷ வேலைதான்’ என்று தினமும் நாலு வேலை வருகிறது. இதற்குப் பணம் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் முன்பே சொல்லியிருக்க வேண்டும். மிகக் குறைந்த அளவு 15 நிமிஷம் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கூடவே, சில்லறை வேலைகளைச் சேர்த்துவைத்து நாளுக்கு ஒருமுறை அனுப்பினால் மொத்தமாகவே கணக்கிடுவேன் என்றும் எழுதுங்கள். பெரும்பாலோர் தாமாகவே சேர்த்து அனுப்ப ஆரம்பிப்பார்கள். மாதத் தொகைக்கு ஒத்துக்கொண்டால் எத்தனை வங்கிக் கணக்கு, எத்தனை பதிவு வரை என்று எண்ணோடு எழுதுங்கள். ‘கணக்கு பார்த்துக்கொள்வது’ என்று மட்டும் எழுதினால் அதற்குள் ஊரே அடங்கும்.

கேள்வி: வெளிநாட்டு வாடிக்கையாளரின் வாராந்திரச் சந்திப்பு மார்ச்சில் திடீரென்று ஒரு மணி நேரம் தள்ளிப்போனது. காலண்டரை நான் தொடவே இல்லை.

அவருடைய நாட்டில் கோடைக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியிருப்பார்கள். இப்படிக் கடிகாரத்தை மாற்றும் நாடுகள் எல்லாம் ஒரே நாளில் மாற்றுவதில்லை. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு, ஐரோப்பிய ஒன்றியத்தில் மார்ச் கடைசி ஞாயிறு. இடையில் இரண்டு மூன்று வாரம் இந்த இரண்டு பகுதிகளுக்கும் உள்ள நேர வித்தியாசம் மாறி நிற்கும். திரும்பும்போது ஐரோப்பா அக்டோபர் கடைசி ஞாயிறு, அமெரிக்கா நவம்பர் முதல் ஞாயிறு. சந்திப்பை யாருடைய ஊர் நேரத்தில் கட்டிவைப்பது என்று முதலிலேயே பேசி, அந்த ஊர் நேரமண்டலத்திலேயே காலண்டரில் பதிவு செய்யுங்கள். மார்ச், அக்டோபர் தொடக்கத்தில் ‘இந்தத் தேதியிலிருந்து உங்களுக்கு இத்தனை மணி’ என்று ஒருவரி மெயில் போட்டுவிடுங்கள்.