மூன்று பிள்ளைகளும் வெள்ளிக்கிழமைக் கோவிலும்

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கிறோம். பிள்ளைகளுக்கு வயது 4, 8, 14. வெள்ளிக்கிழமைதோறும் மூவரையும் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு அழைத்துப் போகிறேன். சின்னவன் ஓடுகிறான், அலறுகிறான். இரண்டாமவள் தேவாரத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறாள், பொருள் தெரியாது. பெரியவன் "இதெல்லாம் சும்மா" என்று வர மறுக்கிறான். கணவர் காரிலேயே உட்கார்ந்துவிடுவார். என் வளர்ப்பு சரியில்லை என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: சகோதரி, மூன்று வயதுக்கும் ஒரே மருந்தைக் கொடுக்கிறீர்கள். கோளாறு அங்கேதான்.

513 படி, பசி, தூக்க நேரம், கூட்டம். நாலு வயசுப் பிள்ளை அலறாமல் என்ன செய்வான்? கொஞ்ச நாளைக்கு அவனை மலையேற்ற வேண்டாம். குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோவில் போதும். வயிற்றுக்குக் கொடுத்து, மாலைப் பூசைக்குக் கூட்டம் சேருமுன் போய், கால் மணி நேரத்தில் திரும்பிவிடுங்கள். இந்த வயதில் பக்தி கைவழியாகத்தான் உள்ளே போகும். வீட்டில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றும் வேலையை அவனிடம் விடுங்கள்: சின்னக் கரண்டியால், அகலில் முக்கால்வாசி. திரியை நீங்கள் போடுங்கள். நுனி ஒரு நெல்மணி அளவு வெளியே நின்றால் போதும், நீண்டால் புகைந்து கரி பிடிக்கும். தீக்குச்சி உங்கள் கையில். "சாமி கண்ணைக் குத்தும்" என்று மட்டும் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது. தைப்பூசத்தன்று வெள்ளி ரதத்தைத் தூர நின்று காட்டுங்கள். அலகு காவடியும் உருமிச் சத்தமும் நெருங்கினால் தூக்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

இரண்டாமவள் ஒப்பிப்பதில் தவறில்லை, அதோடு நின்றுவிடக் கூடாது. இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு பாட்டு. முதல் வாரம் கதை மட்டும். அப்பரைச் சுண்ணாம்புக் காளவாயில் ஏழு நாள் அடைத்த கதையைச் சொல்லிவிட்டு, அங்கே அவர் பாடிய 'மாசில் வீணையும்' பாட்டில் என்னென்ன வருகிறதென்று அவளையே பொறுக்கச் சொல்லுங்கள். வீணை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் குளம். "சூட்டுக்குள்ள இருந்துக்கிட்டா இப்படிப் பாடினாரு?" என்று அவளே கேட்பாள். இரண்டாம் வாரம் ராகத்தோடு பாடட்டும். கதை சொல்லும் பொறுப்பை மாமியாரிடமே கொடுத்துவிடுங்கள். உங்களைக் குறை சொல்ல அவருக்கு நேரமிருக்காது.

எனக்குக் கவலை வேறொன்றில். ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை பிள்ளைகள் கடவுளோடு கொடுக்கல் வாங்கல் பேசுவார்கள் என்று, நம்பிக்கை வளரும் படிகளை ஆராய்ந்த ஜேம்ஸ் ஃபவுலர் சொல்லியிருக்கிறார். கும்பிட்டால் மார்க் வரும் என்று பழக்கினால், மார்க் குறையும் நாளில் கும்பிடுவதும் நின்றுபோகும். பரீட்சைக்கு வேண்டுதல் வைப்பதைக் குறையுங்கள். உண்டியலில் போடும் ஒரு ரிங்கிட் அவள் சேர்த்த காசாக இருக்கட்டும்.

பெரியவன் கெட்டுப்போகவில்லை, படிவம் 2-இல், அதாவது இடைநிலைப்பள்ளி வயதில், இது வரவேண்டிய கேள்விதான். ஆனால் அப்பா காரில் ஃபோனோடு இருக்க, அவன் மட்டும் ஏன் படியேற வேண்டும்? வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான். முதலில் கணவரிடம் பேசுங்கள். மாதத்தில் ஒரு வெள்ளி எல்லோரும் சேர்ந்து. மற்ற வெள்ளிகள் அவன் விருப்பம். திருநீறு பூசினாயா என்ற விசாரணை வேண்டாம். "நல்லவங்களுக்கு ஏன் நோய் வருது?" என்று கேட்டால், கர்மவினை என்று வாயடைக்காதீர்கள். "எனக்கும் புரியல, உனக்கு என்ன தோணுது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தலில் ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள்: பானம் ஊற்றுவது, காலிக் கோப்பைகளைப் பொறுக்குவது. கூட்டாளிகளையும் அழைத்து வரட்டும்.

பிறகு அந்தக் கூட்டாளிகளைப் பார்த்து அலகு காவடி எடுக்கிறேன் என்று குதித்தால், உடனே தலையாட்டிவிடாதீர்கள். முதல் வருடம் பால்குடம். விரதத்தை ஒழுங்காக இருந்து முடித்தானா என்று பார்த்துவிட்டு, காவடியைப் பற்றி அடுத்த தைப்பூசத்துக்குப் பேசிக்கொள்ளலாம்.