வாசகர் கேள்வி-பதில்: மௌக்லி பார்த்த அரசாங்க வேலை

கேள்வி: சின்ன வயதில் 'ஜங்கிள் புக்' படித்துத்தான் எனக்குக் காட்டின் மேல் ஆசையே வந்தது. இப்போது வகுப்பில் அதை ஏகாதிபத்திய இலக்கியம் என்கிறார்கள். ஓநாயும் கரடியும் பேசுகிற கதையில் ஏகாதிபத்தியம் எங்கே இருக்கிறது? (ஓர் இலக்கிய மாணவி)

பதில்: அந்த ஆசையை மட்டும் விட்டுவிடாதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். 'ஜங்கிள் புக்' வந்தது 1894-ல். அதை எழுதிய கிப்ளிங், ஓநாய்கள் வளர்த்த பிள்ளையான மௌக்லியை வைத்து அதற்கு ஒரு வருடம் முன்பே 'இன் தி ருக்' என்ற கதையை எழுதிவிட்டார். ருக் என்றால் காடு. அதில் மௌக்லி வளர்ந்த இளைஞன், கிஸ்போர்ன் என்கிற வெள்ளைக்கார வன அதிகாரி அவனை வனக்காவலர் வேலைக்குக் கூப்பிடுகிறார். என்ன வேலை தெரியுமா? உத்தரவு இல்லாமல் மேய வரும் ஊர்க்காரர்களின் ஆடுகளை விரட்ட வேண்டும், உத்தரவு இருந்தால் உள்ளே விடலாம், காட்டுப்பன்றி பெருகினால் குறைக்க வேண்டும், புலி எங்கே நடமாடுகிறது என்று துரைக்குச் சொல்ல வேண்டும், தீப்பிடித்தால் உடனே தகவல் தர வேண்டும். மாதாமாதம் வெள்ளிக்காசில் சம்பளம், கடைசியில் பென்ஷனும் உண்டு.

அந்த 'உத்தரவு' என்ற சொல்லில்தான் உங்கள் கேள்விக்குப் பதில் இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக ஆடு மேய்த்த இடத்தில் மேய்க்க, யாரிடம் உத்தரவு வாங்குவது? ரயில் பாதைக்குக் கட்டை போட மரம் வேண்டும் என்ற நெருக்கடியில்தான் பிரிட்டிஷ் அரசு 1864-ல் வனத்துறையைத் தொடங்கியது, அதன் முதல் தலைவர் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். (கதையில் வரும் தலைமை வன அதிகாரி முல்லரும் ஜெர்மானியர்தான்.) 1878 வனச் சட்டம் வந்த பிறகு, மக்கள் உரிமையாக அனுபவித்த பலவும் அரசு பார்த்துக் கொடுக்கிற சலுகையாகிவிட்டன. ஓநாய் வளர்த்த பிள்ளையே அந்தச் சட்டத்துக்குக் காவல் நிற்கிறான் என்றால், காட்டின் சம்மதமே கிடைத்துவிட்ட மாதிரி வாசகனுக்குத் தோன்றிவிடும். கிப்ளிங் திட்டம் போட்டு ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. அவருக்குக் காட்டின் மேல் இருந்த பிரியம் நிஜம், அந்தச் சட்டத்தின் மேல் இருந்த நம்பிக்கையும் அதே அளவுக்கு நிஜம்.

கேள்வி: அப்படியென்றால் ஜிம் கார்பெட்டையும் ஒதுக்கிவிட வேண்டியதுதானா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய கார்பெட், குமாவுன் மலையிலுள்ள சம்பாவத்தின் பெண்புலியை 1907-ல் சுட்டார், அது கொன்றவர்கள் 436 பேர் என்று 'மேன்-ஈட்டர்ஸ் ஆஃப் குமாவுன்' நூலில் எழுதுகிறார். சுட்டபின் அதன் வாயைத் திறந்து பார்த்தால், வலது பக்கம் மேலும் கீழும் இரண்டு கோரைப்பற்களும் உடைந்திருக்கின்றன, கீழ்ப்பல் எலும்பு வரைக்கும் போயிருக்கிறது. பழைய துப்பாக்கிக் காயம். வழக்கமான இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களிடம் வந்தது என்கிறார். எனக்கு அந்த நூலில் மிக முக்கியமான இடம் அதுதான். புலி வேட்டை பெருமையாக இருந்த காலத்தில், வேட்டைக்காரர் ஒருவரே குற்றத்தைத் துப்பாக்கி மேல் வைக்கிறார். அதே சமயம், அவருடைய மலைக்கிராம மக்கள் பெரும்பாலும் காப்பாற்றப்பட வேண்டியவர்களாகவே வருவார்கள், அதையும் கவனித்துப் படியுங்கள்.

கேள்வி: தேயிலைத் தோட்டங்களைப் பற்றி எதில் தொடங்கலாம்?

பதில்: பி.எச். டேனியலின் 'ரெட் டீ' நாவல், 1969-ல் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் இரா. முருகவேள் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு' என்று கிடைக்கிறது. டேனியல் தோட்டத்தில் மருத்துவராக இருந்தவர், அதனால் அந்தப் பச்சை மலைச்சரிவில் அவர் கண்ணுக்கு முதலில் பட்டது காய்ச்சலில் விழுந்த கூலிகள்தான். அழகான மலை என்று அதே இடத்தை வர்ணித்த துரைமார் குறிப்பு எதையாவது பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள், அப்புறம் மறுபடி எழுதுங்கள்.